யாரையும் சும்மா உட்கார விடாதவர்

நடந்தவை, வரிசையாக:

1. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் மாடியில் குடியிருந்த மாமா ஜாமீன் நிபந்தனைப்படி ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

2. பத்தரைக்கு வீடு திரும்பினார். சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் அவர் மனைவி அவரை ஐந்து கிலோ இறாலுக்கு முன்னால் உட்கார வைத்தார்.

3. மாமாவைக் கண்காணிக்க மஃப்டியில் வந்த போலீஸ்காரரையும் கூப்பிட்டு, அவருக்கு எதிரில் உட்கார வைத்தார்.

4. இரண்டு பேரும் ஒரு மணி வரை இறால் உரித்தார்கள்.

5. பதினெட்டு நாள் கழித்துக் கடலூர் கோர்ட்டில் போலீஸ் தரப்பு ஒரு மனு போட்டது. அதே வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு மாமா கடலூர் முதுநகரில் சந்தேகத்துக்குரிய ஒருவரைச் சந்தித்தாராம். சிதம்பரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை மீறிவிட்டாராம். ஜாமீனை ரத்து செய்து மறுபடியும் உள்ளே அனுப்ப வேண்டுமாம்.

6. நான்காவது நடந்ததற்கு எங்கள் வீட்டுக் கேமராவில் தெளிவான பதிவு இருந்தது. பதிவின் ஓரத்தில் இருந்த தேதி: 3 ஜனவரி 2000. நேரம்: அதிகாலை 4.12.

7. ஆறாவதற்குக் காரணம் நான்.

மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன். எதையும் வரிசையாக எழுதிவிட்டால் பாதி பயம் போய்விடும் என்று நினைப்பவள். இந்த விஷயத்தில் போகவில்லை. பழக்கம் மட்டும் போகாமல் இருக்கிறது.

அந்த அம்மாவின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் பெயரும் அவர் வீட்டுக்காரர் பெயரும் வேண்டிய அளவுக்குக் காகிதங்களில் ஏறிவிட்டன. நான் அவரை மாமி என்று கூப்பிட்டேன். பரங்கிப்பேட்டைக்காரர். குள்ளம், நல்ல பருமன், மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருக்கும். நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டா. மாடியிலிருந்து பேசினால் அடுத்த தெரு நாய் எழுந்து பார்க்கும். இறால் வாடா போட்டு விற்பார். அரிசிமாவை வடைபோலத் தட்டி, நடுவில் ஒரு முழு இறாலை அழுத்திப் பொரிப்பது. கடைகளுக்கும் கல்யாணங்களுக்கும் ஆர்டர் எடுப்பார்.

அவர் எந்த மனிதரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"சும்மாதானே இருக்கீங்க?"

இதற்கு ஆமாம் என்று சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் முடிவு ஒன்றுதான். நம் கையில் ஒரு முறமோ கத்தியோ வந்துவிடும். கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் வெங்காயம் உரித்துவிட்டுப் போவார். மின்சார மீட்டரைக் கணக்கெடுக்க வந்த பெண் அட்டைப்பெட்டி மடித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு வாடாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு இறங்குவார். நான் ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு எத்தனை கிலோ பூண்டு உரித்திருப்பேன் என்று என் மேலாளருக்குத் தெரியாது.

மாமா அதிகம் பேசாதவர். ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேறு ஊரில் ஒரு பெரிய வழக்கில் பிடிபட்ட ஒருவரின் போனில் மாமாவின் எண் இருந்தது. இரண்டு வாரத்தில் பதினொரு அழைப்புகள். அதுதான் மாமா மேல் இருந்த ஆதாரம். தீவிரவாதிக்கு உதவியதாக வழக்கு. பதினான்கு மாதம் கடலூர் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்.

அந்த ஆளுடைய ஃபிரிட்ஜை மாமா சரிசெய்து கொடுத்திருந்தார். அது மறுபடி மறுபடி குளிராமல் போனது. அதற்குத்தான் அத்தனை போன். கோர்ட் இதை நம்பியதோ இல்லையோ, மாமி முழுதாக நம்பினார். நம்பியதால்தான் அவருக்குக் கோபம்.

"ஒரே தடவையில ஒழுங்கா செஞ்சிருந்தா பதினொரு தடவை போன் வந்திருக்குமா? அப்பவே சொன்னேன் மச்சான், கம்ப்ரசரை மாத்துங்கன்னு."

"கம்ப்ரசர் நல்லாத்தான் இருந்துச்சு. குழாயில லீக்கு."

"லீக்கை அடைக்கத் தெரியாதவரைப் புடிச்சு நாட்டைக் கவுக்கப் பாத்தாருன்னு எழுதியிருக்கானுவோ. எனக்கு வெக்கமா இருக்கு."

பயங்கரவாத வழக்கைத் தன் கணவரின் தொழில் திறமைமேல் விழுந்த புகாராகப் பார்த்த ஒரே மனுஷி அவராகத்தான் இருக்க வேண்டும்.

மாமா ஜாமீனில் வந்த மறுநாளே எதிர்ப்பக்கப் புங்கமரத்தடியில் ஒரு புது ஆள் நிற்க ஆரம்பித்தார். முப்பது வயது இருக்கும். கட்டம்போட்ட சட்டை, போலீஸ் கிராப்பு, போலீஸ் செருப்பு. மஃப்டியில் இருப்பது அந்த மரத்துக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஒரே செய்தித்தாளை மூன்று நாள் படித்தார். தெருவில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் அம்மா கோலம் போடும் நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டாள்.

நான்காம் நாள் மாமி மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டார்.

"தம்பீ. சும்மாதானே நிக்கிறீங்க?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"உங்களத்தான். முனிசிபாலிட்டிக் குழாய்ல எப்ப தண்ணி வுடுறான்னு தெரியல. வந்தா ஒரு கொரல் குடுங்க."

அந்த ஆளுக்குக் கோபப்படுவதா, மறுப்பதா, போலீஸ் என்று ஒப்புக்கொள்வதா என்று புரியவில்லை. புரிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. கொரல் கொடுத்துவிட்டார். அத்தோடு அவர் கதை முடிந்தது.

ஒரு வாரத்தில் மொட்டைமாடியில் காயும் மிளகாய்க்குக் காவல். இரண்டாவது வாரம் அரிசி மூட்டையை மேலே ஏற்றினார். மாதம் முடிவதற்குள் படிக்கட்டு முடிகிற இடத்தில், மாடி வீட்டு வாசலுக்கு முன்னாலிருக்கும் வெட்டவெளியில், அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் நீல நிற டம்ளரும் இருந்தன. நாங்கள் அவரை மஃப்டி தம்பி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தோம். திட்டக்குடிப் பக்கம், நிலபுலம் உள்ள குடும்பம். மாடு கறப்பார், ஏர் ஓட்டுவார். இறாலைக் கண்டால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"யக்கா, எங்கூர்ல கடலே இல்ல. இத எங்க புடிக்கிறது, எங்க கிள்றதுன்னே தெரியல."

"தலைய முறிங்க. ஓட்டைக் கழட்டுங்க. முதுகுல ஒரு கருப்பு நரம்பு ஓடும், அத உருவுங்க. அவ்ளோதான். ஒரு ஆளைப் புடிச்சு ஜெயில்ல போடறதவிட இது சுளுவு."

அவர் சிரித்துவிட்டு உருவினார். மாமி இதைச் சிரிக்கிற விஷயமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

மாலை நாலு மணிக்கு அவர் நோட்டை எடுத்து அன்றைய குறிப்பை எழுதுவார். மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்ப்பார்.

"என்னா எழுதுனீங்க?"

"நபர் வீட்டிலேயே இருந்தார்னு."

"நான்? நாள் பூரா ஒழைக்கிறேன், என்னப் பத்தி ஒரு வரி கெடையாதா?"

"உங்கள வாட்ச் பண்ணச் சொல்லலக்கா."

"அதான் இந்த டிபார்ட்மென்டு உருப்படல."

இதையெல்லாம் படித்தால் அவர் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று தோன்றும். இல்லை. அவர்கள் எங்கள் மாடிக்கு வந்த முதல் இரண்டு வருடம் அவரைப்போல ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. கொடியில் போட்ட துணி நான்கு நாள் தொங்கும். மத்தியானம் முழுக்க டிவி சத்தம். அப்பா அம்மாவிடம் முணுமுணுப்பார்: "அந்தம்மா எடுத்த டம்ளர எடுத்த எடத்துல வெக்கிறதில்ல."

மாறியது போலீஸ் சோதனை போட வந்த நாளிலிருந்து. விடியற்காலை ஐந்தரை மணிக்கு பதினொரு பேர் வந்தார்கள். ஒன்பதரை வரைக்கும் தேடினார்கள். ஏழு பழைய தெர்மோஸ்டாட்டுகளையும் ஒரு சுருள் செம்புக் குழாயையும் மூன்று பழைய போன்களையும் மாமாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் கீழ்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேலே பீரோ நகரும் சத்தம் கேட்டது. அப்பா ஃபேனைக் கூட்டி வைத்தார்.

பிறகு ஒருநாள், பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே மாமி சொன்னார்.

"ஒரு பொம்பள போலீஸ், 'ஓரமா சும்மா நில்லும்மா'ன்னுச்சு. நின்னேன் பாப்பா. நாலு மணி நேரம். மாவு டப்பாவ மோந்து பாக்கறாங்க, மெத்தையக் கிழிக்கிறாங்க, அவரச் சட்டை போடச் சொல்றாங்க. நான் நிக்கிறேன். எதுத்து ஒரு வார்த்த பேசல. அழுவக்கூட இல்ல. சும்மா."

பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார்.

"அதுலேர்ந்து யாராவது சும்மா நின்னா என்னால பாக்க முடியல. அந்தக் கத்தி மொண்ணையா இருக்கு, இத எடுத்துக்க."

அந்தச் சோதனைக்குப் பிறகுதான் அப்பா கேமரா வாங்கினார். நான்கு கேமரா. கேட்டுக்கு ஒன்று, வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று. பாதுகாப்புக்காம். எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் மேல்வீட்டுக்காரர்கள் மட்டும்தான். நாலாவது கேமரா யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மாட்டியது நான். மாமி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"பாப்பா, இதுல நான் ஒல்லியாத் தெரிவேனா?"

"கொஞ்சம் அகலமாத்தான் காட்டும் மாமி."

"அப்ப நைட்டிய மாத்திக்கிட்டு வரேன்."

பதிவு செய்யும் பெட்டியில் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். கடிகாரம் அதில்தான் ஓடும். அது செத்துப்போயிருந்தது. அதனால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் பெட்டி 1 ஜனவரி 2000-க்குத் திரும்பிவிடும். மாற்ற ஐந்து நிமிடம் போதும். வீட்டில் சரிசெய்ய வேண்டியவை என்று நான் வைத்திருந்த பட்டியலில் இது ஒன்பதாவது. பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்: முக்கியத்துவம் குறைவு.

இனி மனு. மனு வந்த அன்றே எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். சீருடையில்தான். அப்பாவிடம் மரியாதையாகப் பேசினார். "உங்க வாடகை ஒப்பந்தம் எப்ப சார் முடியுது? படிச்ச குடும்பம், பொண்ணு வேற நல்ல வேலையில இருக்கு. எதுக்கு உங்களுக்கு இந்த வம்பு?"

அப்பா பள்ளிக்கூட எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் கடிந்து பேசியதில்லை. கடிந்து பேசவேண்டிய இடத்திலும் பேசியதில்லை. அன்று சாயங்காலம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்காக மாடி ஏறினார். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். சட்டையெல்லாம் தேங்காய்ப்பூ.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் அம்மா.

"ரெண்டு தேங்கா துருவச் சொன்னாங்க. துருவறப்ப எப்படிப் பேசறது?"

மறுநாள் மறுபடி ஏறினார். கொத்தமல்லி ஆய்ந்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் பச்சைப்பட்டாணி. மூன்றாம் நாள் பட்டாணியோடு ஒரு தட்டு வாடாவும் வந்தது. அதை அப்பாதான் அதிகம் சாப்பிட்டார்.

நான்காம் நாள் அவர் மாடி ஏறவில்லை. என்னைக் கூப்பிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதச் சொன்னார். 'தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஆரம்பித்து, 'இரண்டு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிகிற செய்தி. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வார்த்தைகளைத் திருத்தியும் கொடுத்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தியது என் விரல்தான். 'அன்புடன்' என் சேர்க்கை.

கோர்ட்டில் கொடுத்திருந்த முகவரி எங்கள் முகவரி. அனுமதியில்லாமல் மாறினாலே ஜாமீன் போய்விடும். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை மாமி கீழே வந்து எங்கள் அடுக்களை வாசலில் நின்றார்.

"பாப்பா, லெட்டர் நல்லா எழுதியிருந்த. அப்பா சொல்லித்தானே? மேல வந்தா தேங்கா இருக்கும்னு பயந்துட்டாரு பாவம்."

"மாமி..."

"கோர்ட்ல முகவரி மாத்த மனு போடணும். போடறோம். இப்போதைக்கு இந்த மனு இருக்கு. இதுல தோத்தா அவர் உள்ள போயிடுவாரு, அப்பறம் வீடு எனக்கு எதுக்கு? நீ சும்மாதானே இருக்க? இந்தச் சீரகத்தப் புடைச்சுக் குடு."

புடைத்துக் கொடுத்தேன். அன்று எனக்கு இரண்டு மீட்டிங் இருந்தது.

வக்கீலுக்குச் சிதம்பரத்தில் ஒரு சின்ன அறை. பதிவை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். இருபது நாளில் தானாக அழிந்துவிடும் பதிவு. இரண்டு நாள் மிச்சமிருக்கும்போது பிடித்திருந்தேன். படம் பிரமாதம். மாமாவின் வழுக்கை தெரிகிறது. மஃப்டி தம்பி ஒரு இறாலை எலிக்குட்டியைத் தூக்குவது மாதிரி வாலைப் பிடித்துத் தூக்குவது தெரிகிறது. வக்கீல் முதலில் மலர்ந்தார். பிறகு திரையின் ஓரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இது ரெண்டாயிரமாம் வருஷம்."

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபத்தெட்டுக்குக் கரண்ட் போய் வந்தது, அங்கிருந்து ஐம்பத்திரண்டு மணி பன்னிரண்டு நிமிடம் கூட்டினால் சரியாக வியாழன் பத்து நாற்பது வருகிறது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்தார்.

"கணக்கு சரிதான். இதக் குடுத்தா அரசு வக்கீல் எந்திரிச்சு, அக்யூஸ்டு ரெண்டாயிரத்துலேர்ந்து எறா உரிக்கிறாரு, எந்த எறான்னு கேப்பாரு. வேண்டாம்."

மிச்சமிருந்தது மஃப்டி தம்பியின் நோட்டு. அதில் அந்த வியாழக்கிழமைக்கு எழுதியிருந்தது: 'நபரின் வீட்டைத் தெருவிலிருந்து கண்காணித்தேன். நபர் வெளியே வரவில்லை.' தெருவிலிருந்து என்றுதானே எழுத முடியும்? ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொல்லைப் பக்கம் இறங்க ஓர் இரும்புப் படி இருக்கிறது. தெருவில் நின்றால் அது தெரியாது. மாமா அந்த வழியாகப் போயிருக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மாமா வெளியே இருப்பதும் உள்ளே போவதும் ஒரு கேள்வியில் வந்து நின்றது: அந்த இரண்டரை மணி நேரம் தான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று ஒரு போலீஸ்காரர் கோர்ட்டில் சொல்வாரா?

மாமி அவரிடம் கேட்கவே இல்லை. சாட்சி சொல்ல அவருக்குச் சம்மன் வந்த அன்றும் ஸ்டூலை எடுத்துப் போட்டார், நீல டம்ளரில் டீ கொடுத்தார், முன்னால் ஒரு கூடை சின்ன வெங்காயத்தை வைத்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. அவர் படியிறங்கும்போது மறித்துக் கேட்டேன்.

"சார், சொல்லுவீங்களா?"

கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். வெங்காய வாசனை.

"சொன்னா என்னைத் தூக்கி அடிச்சுடுவாங்கம்மா. அதுகூடப் பரவால்ல. பேப்பர்ல வந்துச்சுன்னா எம் பொண்டாட்டி படிப்பா. வூட்டுல நான் ஒரு டம்ளரு கழுவுனதில்ல."

படியிறங்கி மரத்தடிக்குப் போய்விட்டார். அந்த ஆள் நல்லவரா என்று நான் யோசித்திருக்கிறேன். ஒன்பது மாதம் அவர்கள் வீட்டு டீயைக் குடித்துவிட்டு, ஒவ்வொரு நாலு மணிக்கும் 'நபர்' என்றுதான் எழுதினார். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

விசாரணை அன்று காலை பஸ்ஸில் கடலூர் போனோம். கோர்ட் அனுமதியோடு மாமா எங்களோடு வந்தார். மாமி மடியில் ஒரு பையை வைத்திருந்தார். உள்ளே பூண்டு. கோர்ட் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு கை, மாமாவுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். பக்கத்தில் வேறு ஏதோ வழக்குக்கு வந்திருந்த இரண்டு பெண்களும் கொஞ்ச நேரத்தில் உரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் ஒரே பல்லை வெகுநேரம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அது உரிஞ்சி போச்சு. அடுத்தத எடுங்க," என்றார் மாமி. குரல் தெரு நாய்க்குக் கேட்கிற குரல் இல்லை. நான் அவரிடம் அதுவரை கேட்டிராத குரல்.

மஃப்டி தம்பி கூண்டில் ஏறினார். அன்று சீருடை. எங்கள் வக்கீல் நோட்டைக் காட்டிக் கேட்டார்.

"அன்னிக்குப் பத்தரையிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் இவரைப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"எங்க இருந்து?"

மஃப்டி தம்பி அரசு வக்கீலைப் பார்த்தார். பிறகு, ஏன் என்று தெரியாது, தன் கையைப் பார்த்தார்.

"மாடியிலேர்ந்து."

நீதிபதி நிமிர்ந்தார். "எந்த மாடி?"

"அவுங்க வீட்டு மாடிங்கய்யா. கூப்பிட்டாங்க. போனேன்."

"எதுக்கு?"

"எறா உரிக்கிறதுக்குங்கய்யா."

யாரோ பின்னால் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அரசு வக்கீல் எழுந்தார். அவர் பக்கத்துச் சாட்சி அவர் கண்ணெதிரே கைமாறிக்கொண்டிருந்தார்.

"ட்யூட்டி நேரத்துலயா?"

"கண்காணிக்கச் சொன்னாங்க சார். தெருவுல நின்னா கதவுதான் தெரியும். எதுக்கால உக்காந்து உரிச்சா ஆளே தெரியறாரு. கை எட்டற தூரம். அதவிடக் கிட்டத்துல எப்படிக் கண்காணிக்கிறது?"

"நோட்டுல தெருவுலேர்ந்துன்னு எழுதியிருக்கு."

"அது பொய் சார். எறான்னு எழுத வெக்கமா இருந்துச்சு."

நீதிபதி பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார். "இடையில அவர் எழுந்து போகலையா? ரெண்டரை மணி நேரம்?"

"போகலய்யா. அஞ்சு கிலோ. அவரு மூணு, நான் ரெண்டு. எனக்குக் கை ஓடாது, எங்கூர்ல கடல் இல்ல. எந்திரிச்சா அந்தக்கா வுட மாட்டாங்க."

அவர் கையைக் காட்டிய திசையில் கோர்ட் முழுக்கத் திரும்பியது. மாமி துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். மடியில் பை. கை அசையவில்லை. நான் பார்த்த அளவில், அந்த ஒன்பது மாதத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

மனு தள்ளுபடியானது. கடலூரில் மாமாவைப் பார்த்ததாகச் சொன்னவர் யாரைப் பார்த்தார், அப்படி ஒருவர் இருந்தாரா என்பதை யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் தூங்கிவிட்டார். பரங்கிப்பேட்டை பிரியும் ரோடு வந்ததும் மாமி சொன்னார்:

"ரெண்டு கிலோன்னு சொல்லிட்டாரு பாத்தியா? ஒன்னரை கிலோவுக்கு மேல ஒரு எறா உரிச்சிருக்க மாட்டாரு. சத்தியம் பண்ணிட்டு இப்படியா பொய் சொல்றது."

பத்தே நாளில் மஃப்டி தம்பிக்கு மாற்றல் வந்தது. தண்டனையாக மாவட்டத்தின் மேற்கு மூலைக்குத் தூக்கி அடித்திருந்தார்கள். திட்டக்குடிக்கு. அவர் சொந்த வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தண்டனைகூட விசாரிக்காமத்தான் குடுக்கறானுவோ," என்றார்.

அப்பா அந்த வாட்ஸ்அப் செய்தியைத் திரும்பப் பெறவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அப்பா கோர்ட் கதையைத் தெருவில் நாலு பேரிடம் ரசித்துச் சொன்னார், செய்தியைப் பற்றி மட்டும் பேசவில்லை. மாமியும் பேசவில்லை. வீடு தேட ஆரம்பித்தார்.

தேடுவதற்கு நான் உதவினேன். உதவி என்றால் பட்டியல் போடுவது. ஒரு வீட்டுக்காரர் "நாங்க சைவம்மா, ஒத்துவராது" என்றார். அவர் வாசலில் முறத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் மாமி போனில் பெயரைச் சொன்னதும், "இப்பத்தாம்மா வேறொருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்றார்கள். பத்து நிமிடம் கழித்து என் போனிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எப்போது வந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆறு வீட்டில் இதையே செய்து பார்த்தேன். ஐந்தில் அதே விளைவு. எங்கள் வேலையில் ஒன்று இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால் தப்பு என்று பதிவு செய்து, சரிசெய்ய வேண்டியவர் பெயரையும் எழுதுவோம். இதில் அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரியவில்லை. வாட்ஸ்அப் செய்தி ஞாபகம் வந்ததும் பட்டியலை மூடிவிட்டேன்.

கடைசியில் கடலூர் முதுநகரில் மாமியின் சொந்தக்காரர் ஒருவரின் வீட்டுப் பின்கட்டு கிடைத்தது. மாமா சந்தேகத்துக்குரிய ஒருவரைச் சந்தித்ததாகச் சொல்லப்பட்ட அதே முதுநகர். கோர்ட் முகவரி மாற்ற அனுமதி கொடுத்தது. இதைவிடச் சிரிப்பான உத்தரவை நான் படித்ததில்லை.

சாமான் ஏற்றிய அன்று அப்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மாமி வண்டியில் ஏறப்போனவர் அவரைப் பார்த்து நின்றார். இப்போது ஏதாவது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கட்டிய கையைப் பிரித்தார்.

"வரேண்ணே," என்றார் மாமி. அவ்வளவுதான். அப்பாவுக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

அப்பா அங்கேயே நின்றார். சும்மா.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போதைய நிலை: மூல வழக்கில் சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. மாமா முதுநகர் ஸ்டேஷனில் தினமும் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடுகிறார். மாமி வாடா போடுகிறார். போன மாதம் ஒரு வேலையாகக் கடலூர் போனபோது பார்த்தேன், ஒரு கிலோ பட்டாணி உரித்துவிட்டு வந்தேன். எதிர்ச் சுவரோரம் ஒரு புது ஆள் நின்றிருந்தார், காலில் போலீஸ் செருப்பு, கையில் குடம். எங்கள் மாடிக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. பதிவுப் பெட்டியில் பேட்டரி மாற்றிவிட்டேன். கடிகாரம் சரியாக ஓடுகிறது.